யாரும் கோபமாக இல்லை

ஒருத்தியின் குரல் அவள் இல்லாத இடத்திலும், அவள் தூங்கும் நேரத்திலும் பேசிக்கொண்டே இருக்குமானால், அங்கே பேசுவது யார்? வேலைவெட்டி இல்லாதவர்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இது. ஆனால் வந்து சேர்ந்ததோ பேருந்து நிலையத்து மாடியில், ஒரு கண்ணாடி அறைக்குள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம். யோசிக்க அவளுக்குக் கிடைத்த அவகாசமும் திங்கட்கிழமை காலை வரைக்கும்தான்.

நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்று வராது என்பதை எல்லாம் ஊருக்குச் சொல்வது அவள் வேலை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்வாள். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை கொஞ்சம் நிதானமாக, மூட்டையோடு ஓடி வருகிறவர்களுக்காக. ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் குரல் தெரியும், முகம் தெரியாது. காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்தால் போதும், தராசைப் பிடித்தபடி கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். "எங்கயோ கேட்ட குரலா இருக்கேம்மா" என்பார். அதற்குப் பயந்தே அவள் விரலால் சுட்டிக்காட்டிக் காய் வாங்கப் பழகிவிட்டாள்.

வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஒரு தலையசைப்பு, ஒரு "ம்", மிஞ்சிப்போனால் "பார்க்கலாம்". கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்குள் கண்ணாடிச் சில்லைப் பொருத்துகிறவர். நாளெல்லாம் நுணுக்கமான வேலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதாலோ என்னவோ, வீடு வந்ததும் அவருக்கு வாய் திறந்துகொள்ளும். "ஊருக்கெல்லாம் அள்ளி விடுறா, எனக்கு மட்டும் ரேஷன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார்.

இதை அடக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாதி அலுப்பு, பாதி அழுத்தம். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடக்கூடிய மனத்தாங்கல்களை அவள் வாரக்கணக்கில் ஊறப் போட்டதுண்டு. மகள் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் ஆளாளுக்கு வாழ்த்திக்கொண்டிருக்க, அவள் "குடை எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். மகள் அதைச் சொல்லிக்காட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது தொண்டை மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. மாலையானால் குரல் கரகரவென்று உடையும். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த மருத்துவர், இப்படியே பேசிக்கொண்டிருந்தால் பேச்சே போய்விடும் என்றார். நிலைய மேலாளருக்கு அது தெரிந்தது. நல்ல மனிதர். "எல்லா அறிவிப்பையும் ஒரு தடவை பதிவு பண்ணிக் கொடுத்துடுங்கம்மா. அப்புறம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும். உங்களுக்குக் கீழே விசாரணைக் கவுன்ட்டர், ஃபேன் காத்து, ஜன்னலோர சீட்டு. வேண்டாம்னா சொல்லுங்க, வேற குரல் பார்க்கணும். திங்கட்கிழமை ஒரு பதில் வேணும்" என்றார்.

மைக்கம்மா வழக்கம்போல, "பார்க்கலாம் சார்" என்றாள்.

அந்தப் "பார்க்கலாம்"-ஐ "சரி"யாக மாற்றுவதற்காகவே ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பெரிய பூங்காவுக்குப் போவது என்று கணவர் முடிவு செய்தார். வீட்டில் பேசினால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். பூங்காவில் எங்கே போவாள் என்பது அவர் கணக்கு. மைக்கம்மா, கணவர், மகள், கணவரின் அக்கா என்று நால்வரும் கிளம்பினார்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய துணிக்கடை ஒன்றில் ஒரு தளம் முழுவதையும் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது கடைக்குத்தான், மேற்பார்வைக்கு இல்லை. தம்பி வீட்டோடு இருக்கிறார். மைக்கம்மா அவரை "அண்ணி" என்பாள். அவர் ஒன்று சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. மைக்கம்மாவிடம் பேச்சே கிடையாது என்பதால் இருவருக்கும் இத்தனை வருஷம் சண்டை வந்ததில்லை.

பூங்காவின் நுழைவாயிலுக்கு உள்ளேயே ஒரு அலுவலகம். அதைத் தாண்டினால் ரோஜாப் பாத்திகள், கண்ணாடிக் கூரை போட்ட செடி வீடு, அதற்கும் அப்பால் படகு விடுகிற ஏரி. பார்வைக்கு எட்டிய வரை புல்தரை. அதன்மேல் விரிப்புகளும் பந்துகளும் குழந்தைகளும். மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பதிவு செய்த ஒரு பெண் குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது: "பூக்களைப் பறிக்காதீர்கள். குப்பையைத் தொட்டியில் போடுங்கள். ஏரிக்கரையில் குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

மைக்கம்மா நடப்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"இவ எப்ப மூச்சு விடுறா?"

கணவருக்கு வழி கிடைத்துவிட்டது. "அதான் நீயே பார்க்கிறியே! இங்க தொண்டை கிழியப் பேசுது. அந்தப் பொண்ணு இந்நேரம் வீட்டுல காலை நீட்டிக்கிட்டு டிவி பார்த்துட்டு இருக்கும். உனக்கு அந்தக் கொடுப்பினை வருதுன்னா வேண்டாங்கிறியே!"

"வேண்டாம்னு சொன்னேனா?"

"வேணும்னும் சொல்லலையே!"

மகள் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்கிறவள். "எனக்கெல்லாம் என்ன பேசணும்னு எழுதியே கொடுத்துடுவாங்க. அதைத் தாண்டி 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டாக்கூட மார்க்கைக் குறைச்சுடுவாங்க. நானே மெஷின்தான். நிஜ மெஷின் வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

நாத்தனார் திரும்பிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார். "தொண்டை இருந்தாத்தான் குரல். பதிவு பண்ணிக் கொடுத்துட்டு உட்காரு. இதுல என்ன யோசனை?"

யோசனை என்னவென்று மைக்கம்மாவுக்கே பிடிபட்டால்தானே சொல்வதற்கு? வேலை போகப் போவதில்லை. சம்பளம் குறையப் போவதில்லை. மாடிப்படி ஏற வேண்டாம். எல்லாம் நல்லதாகவே இருந்தது. ஆனாலும், துணியில் ஒட்டிக்கொண்ட முள் மாதிரி என்னவோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தடவிப் பார்த்தால் அகப்படவில்லை.

எங்கே உட்காருவது என்பதில் ஆரம்பித்தது வினை. கணவர் ஏரிக்கரை மர நிழலைக் காட்டினார். நாத்தனார் ரோஜாப் பாத்திக்குப் பக்கத்துப் பெஞ்சைக் காட்டினார்.

"அங்க வெயில் அடிக்குதுக்கா."

"இங்க எறும்பு ஊருது. தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க ஆள் வேணும் எனக்கு."

"நாங்க தூக்கி விடுறோம்."

"என்னை மூட்டையா நினைச்சியா?"

கணவர் விரிப்பை உதறிப் போட்டுவிட்டார். நாத்தனார் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்து, "சுருக்கம் பாரு, கோணல் பாரு" என்று சரிசெய்யப் போனார். அப்போதுதான் கணவர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார்: "அக்கா, கடையை விட்டு வந்தாச்சு. இங்க யாரும் துணி வாங்க வரல. கொஞ்சம் சும்மா இரு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். நாத்தனார் விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீலக் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு, "ஒரு நடை நடந்துட்டு வர்றேன்" என்று போனார். மைக்கம்மா அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். சொல்லவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. பசி வந்தது. நாத்தனார் வரவில்லை. கணவர் கைப்பேசியில் கூப்பிட்டார். சாப்பாட்டுக் கூடைக்குள் ரொட்டிப் பொட்டலத்துக்கும் அவித்த முட்டைக்கும் நடுவிலிருந்து மணி அடித்தது.

"சரியாப் போச்சு" என்றார் அவர்.

தேடினார்கள். செடி வீட்டில் இல்லை. படகுத் துறையில் இல்லை. நீலக் குடைகள் அன்றைக்கென்று பூங்கா முழுக்க முளைத்திருந்தன. ஒவ்வொன்றின் கீழேயும் யாரோ ஒருவர் இருந்தார். கணவரின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஏரியோரமாக வரும்போது அவர் தண்ணீரைப் பார்த்த பார்வையை மகள் கவனித்து, "அப்பா, அத்தை அந்த மாதிரி ஆள் இல்ல, சும்மா இருங்க" என்றாள். அலுவலகத்துக்குப் போனபோது அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அலுவலகத்தில் காக்கிச் சட்டை போட்ட காவல்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். விவரத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். மரங்களிலிருந்து அதே பெண் குரல் வந்தது: "குடும்பத்தினரைப் பிரிந்தவர்கள் உடனடியாக நுழைவாயில் அலுவலகத்துக்கு வரவும்." கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. இன்னும் பொறுத்து மறுபடியும். ஒருவரும் வரவில்லை.

"இதுக்கு மேல மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க" என்றாள் காவல்காரப் பெண். "மைக் இருக்கு. ஆனா நான் பேசினா எனக்கே புரியாது."

மகள் அம்மாவைப் பார்த்தாள். கணவரும் பார்த்தார். மருத்துவர் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை தொண்டைக்கு ஓய்வு என்று வீட்டில் கணவரே போட்டிருந்த சட்டம், எல்லாம் அவர் முகத்தில் ஒரு கணம் வந்து போயின. "நீ... ஒரு தடவை..." என்று இழுத்தார்.

மைக்கம்மா அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். தொலைந்தவர்களைக் கூப்பிடுவது அவளுக்குப் பழகிய வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமி நிலையத்தில் காணாமல் போனாள். எழுதிக் கொடுத்தபடியே மைக்கம்மா திரும்பத் திரும்ப அறிவித்தாள்: இன்ன நிறச் சட்டை, இன்ன உயரம், கண்டவர்கள் தெரிவிக்கவும். பொழுது சாய்கிற நேரத்தில் பார்சல் அறை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பிள்ளையைக் கண்டெடுத்தார்கள். அவள் அத்தனை அறிவிப்பையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வந்தால் அப்பா அடிப்பார் என்று பயந்து, மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து மைக்கம்மா தொலைந்தவர்களைப் பற்றி ஊருக்குச் சொல்வதை விட்டுவிட்டு, தொலைந்தவர்களிடமே பேச ஆரம்பித்தாள். கடைசியில் ஒரு வரியும் சேர்த்துக்கொண்டாள். எழுதிக் கொடுத்ததில் அந்த வரி இல்லை என்று ஒரு மேலதிகாரி கடிந்துகொண்டார். அவள் "சரி சார்" என்றாள், வரியை விடவில்லை.

மைக்கைத் தட்டிப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். வாயைத் திறந்ததும் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

புல்தரையில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவர் பதறிப்போய்ப் பையைத் தூக்கித் தோளில் மாட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்த மகள், வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். காவல்காரப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மைக்கம்மா கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சும் எல்லா மரங்களிலும் கேட்டது.

"அண்ணி, நான்தான் பேசுறேன்" என்றாள். "நாங்க வாசல் ஆபீஸ்ல இருக்கோம். நீங்க தொலைஞ்சு போகலன்னு எனக்குத் தெரியும். நாங்கதான் உங்களை விட்டுட்டோம். உங்க தம்பி பேசினது தப்பு. இங்கதான் முழிச்சிட்டு நிக்கிறார். நான் பக்கத்துலயே இருந்துட்டுப் பேசாம இருந்தது அதைவிடத் தப்பு. பெஞ்சுலயே உட்காரலாம். சாப்பாட்டை இன்னும் யாரும் தொடல. வாங்க. யாரும் கோபமா இல்ல."

பிறகு வழக்கப்படி முழுவதையும் இரண்டாம் முறை சொன்னாள், கொஞ்சம் நிதானமாக.

கணவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை. அதையும் ஊரோடு சேர்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

முதலில் வந்தது நாத்தனார் இல்லை. வழுக்கைத் தலையோடு, கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் வாசலில் வந்து தயங்கினார்.

"எங்க வீட்டுலயிருந்து கூப்பிட்டாங்களா?"

"உங்களை யாரும் கூப்பிடலையே சார்" என்றாள் காவல்காரப் பெண்.

"இல்ல, அந்தப் பக்கம் ஸ்பீக்கர் பாதிதான் கேட்டுச்சு. யாரும் கோபமா இல்ல, வாங்கன்னு... காலையில வீட்டுல கொஞ்சம் வாக்குவாதம். நான் தனியா நடந்துட்டிருந்தேன். ஒருவேளை எனக்காக இருக்குமோன்னு..."

அவருக்குப் பின்னாலேயே ஒரு அம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அது உங்களுக்கு இல்ல. நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன். செருப்பைப் போடுங்க முதல்ல, கால் சுடப்போகுது" என்று சொல்லி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

நாத்தனார் வந்தபோது அவசரமே இல்லாமல் வந்தார். குடையை மடக்கி, நனையாத குடையை ஒரு உதறு உதறி, ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்னைக் காணோம்னு யாரு சொன்னது? நான் அந்த வளைவுக்கு அந்தாண்ட பெஞ்சுலதான் இருந்தேன். உங்களைத்தான் காணோம்."

"அக்கா, மெஷின்ல அத்தனை தடவை சொன்னாங்களே, காதுல விழலையா?" என்றார் கணவர்.

"விழுந்துச்சு. அது யாரையோ கூப்பிட்டுச்சு. நான் எதுக்கு வரணும்?" மைக்கம்மாவின் பக்கம் திரும்பினார். "ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கிட்டியே. யாரும் கோபமா இல்லன்னு சொன்னே, சரி. நான் கோபமா இருந்தேனே, அதைக் கேட்டியா?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன் அண்ணி."

நாத்தனார் மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "தொண்டையைக் கெடுத்துக்காதே. தண்ணியைக் குடி" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெயில் அடிக்கத்தான் செய்தது. கணவர் குடையை அக்காவின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒரு கையால் முட்டையை உரிக்க முடியாமல் தவித்தார். "இங்க கொடு, கண்ணாடி பொருத்துறவன் கையா இது" என்று அக்கா பிடுங்கி உரித்துக் கொடுத்தார். மகள் அன்று முழுவதும், எதற்கெடுத்தாலும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து எல்லோர் உயிரையும் வாங்கினாள். திங்கட்கிழமை பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

திங்கட்கிழமை மைக்கம்மா மேலாளரிடம் "சரி சார்" என்றாள். கணவருக்கு ஏக மகிழ்ச்சி.

பதிவு நடந்த அறையில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. எண்கள், ஊர்கள், நடைமேடைகள், தாமதம், ரத்து, மன்னிப்பு என்று எல்லாவற்றையும் அவள் சலிக்காமல் சொன்னாள். தொண்டை கட்டும்போது நிறுத்தி, மறுநாள் வந்து சொன்னாள். பதிவு செய்த இளைஞன் மூச்சுச் சத்தத்தை வெட்டி எடுத்துவிடுவேன் என்றபோது, "எடுத்துக்கோப்பா" என்றாள். அதற்கெல்லாம் அவள் சண்டை போடவில்லை.

கடைசியாக இருந்தது தொலைந்தவர்களுக்கான அறிவிப்பு. இளைஞன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கிச் சைகை காட்டினான். மைக்கம்மா காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது வேண்டாம்."

"இது ஒண்ணுதான் மேடம் பாக்கி. ஒரு நிமிஷ வேலை."

"இதை விட்டுடுங்க."

இளைஞன் மேலாளரைக் கூட்டி வந்தான். மேலாளர் பொறுமையாகத்தான் கேட்டார்: தொண்டை வலிக்கிறதா, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா, வாசகத்தை மாற்ற வேண்டுமா? எல்லாவற்றுக்கும் அவள் தலையை இடவலமாக ஆட்டினாள். "யாராவது தொலைஞ்சா கவுன்ட்டர்ல வந்து சொல்லச் சொல்லுங்க சார். நான் மேல வந்து பேசுறேன்" என்றாள்.

"உங்களுக்கு மாடிப்படி வேண்டாம்னுதானேம்மா இத்தனையும் பண்றோம்?"

"ஆமா சார்" என்று ஒப்புக்கொண்டாள்.

விஷயம் வீட்டுக்கு வந்தபோது கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் கொடுத்துட்டு இதை மட்டும் ஏன் பிடிச்சு வச்சிருக்கே? காரணமாவது சொல்லேன்!" மகளும் கேட்டாள். நாத்தனார் மட்டும் கேட்கவில்லை. விசாரணைக் கவுன்ட்டரின் ஜன்னலோரத்தில், தன் குரல் தலைக்கு மேலே வண்டிகளைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மைக்கம்மா வேலை பார்க்கிறாள். யாராவது கலங்கிய கண்ணோடு வந்து நின்றால், ஜன்னலைச் சாத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறாள். காரணத்தைக் கணவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவள் இதுவரை சொல்லவில்லை.